பழைய கப்சாயை மீட்டெடுப்பது எப்படி: பினாங்கில் புதிதாகத் தொடங்குவோருக்கு

தோட்டத்தில் தாத்தா ஓட்டிய ஹோண்டா சி70 வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நிற்கும். அல்லது பிறையில் யாரோ ஒருவர் ஓடாத யமஹா ஆர்எக்ஸ்இசட் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய கப்சாயை, அதாவது சிறிய மோட்டார்சைக்கிளை, மீட்டெடுக்கும் ஆசை பெரும்பாலோருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. ஆசை வந்ததும் முதலில் மனதில் ஓடுவது பெயின்ட் நிறம். அதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் தாள் (பதிவு ஆவணம்), அப்புறம் இன்ஜின், அப்புறம் பிரேக், அப்புறம் வயரிங். பெயின்ட் கடைசியில்தான். பட்டறைகளின் மூலையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பாதி வேலை வண்டிகளைப் பாருங்கள். அவற்றில் பல, பிரித்து பெயின்ட் அடித்த பிறகு பூட்ட ஆளில்லாமல் நின்றவை. ஓடுகிற வண்டியை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. ஓடாத வண்டி மாதக்கணக்கில் நின்றால் மனம் விட்டுப்போகும்.

எந்த வண்டியில் தொடங்கலாம்

முதல் வண்டியாக ஹோண்டா கப் வகையைத்தான் சொல்வேன்: சி50, சி70, சி90. காரணம் எளிது. ஹோண்டா சூப்பர் கப் 1958-ல் ஜப்பானில் வெளிவந்தது. அதை மலாயாவுக்குக் கொண்டுவந்து விற்றவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. ஒரு தலைமுறைக்கு ஹோண்டா என்றாலே பூன் சியூதான். பால் ஊற்றியவர்கள், பேப்பர் போட்டவர்கள், பால்மரத் தோட்டத்துக்கு விடியலில் போனவர்கள் எல்லாரும் இந்த வண்டியை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதைத் தெரிந்த கைகள் இந்தத் தீவில் இன்னும் இருக்கின்றன. பாகங்களும் கிடைக்கின்றன. எல்லை தாண்டினால் தாய்லாந்து. அங்கே கப் வண்டிகளுக்குப் பெரிய சந்தை உண்டு, அங்கே செய்யப்படும் பாகங்கள் இங்கேயும் வருகின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சி70-ன் இன்ஜின் 72 சி.சி., ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது, மூன்று கியர், கையால் பிடிக்க வேண்டிய கிளட்ச் கிடையாது. ஒரு மேசைமேல் முழுதாகப் பிரித்து வைத்துவிடலாம். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். லைசென்ஸ் கவலையும் இல்லை. பி2 வைத்திருப்பவர்கள் 250 சி.சி. வரை ஓட்டலாம்.

பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரயம்ப் போன்ற ஆங்கிலேய வண்டிகளின் மேல் ஆசை இருந்தால் அதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிஎஸ்ஏ வண்டியின் பல போல்ட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தாது. விட்வொர்த் அளவுக்குத் தனி செட் வாங்க வேண்டும். லூக்காஸ் மேக்னெட்டோ, அமல் கார்புரேட்டர் எல்லாம் அழகான வேலைப்பாடுகள். ஆனால் அதைத் தொட்டுப் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் புதியவர் இறங்கக் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் கெரான்

மலேசியாவில் பழைய மோட்டார்சைக்கிள் வாங்கும்போது பாதி மதிப்பு கெரானில்தான், அதாவது பதிவுச் சான்றிதழில்தான் இருக்கிறது. கெரான் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலைக்கு வராது. "அப்புறம் செஞ்சுக்கலாம் அண்ணே" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். அவரே செய்து முடித்துத் தரட்டும், அதற்குப் பிறகு பணம் கொடுக்கலாம்.

சரிபார்க்க வேண்டியவை இவை. ஃபிரேமில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கெரானில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடம் அரைத்த மாதிரியோ, மீண்டும் வெல்டு வைத்த மாதிரியோ தெரிந்தால் வாங்காதீர்கள். ஆர்எக்ஸ்இசட் போன்று பலரும் தேடும் வண்டிகளில் இதை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் அந்தப் பதிவெண்ணின் நிலையைக் கேளுங்கள்: பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பழைய கடன் நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு நீங்காமல் இருக்கிறதா, சமன் (அபராத) பாக்கியால் தடை விழுந்திருக்கிறதா என்று. ரோட் டாக்ஸ் பல வருடம் கட்டாமல் கிடந்த வண்டி என்றால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. வண்டி தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், யாரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். வண்டி வீட்டிலேயே இருப்பதால் அது நம்முடையதுதான் என்று நினைத்துவிடுகிறோம். சட்டப்படி அது அவருடைய சொத்தின் ஒரு பகுதி. சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயா, நீதிமன்றம் போன்றவை தரும் ஆவணம் இருந்தால்தான் ஜேபிஜே பெயர் மாற்றும். சித்தப்பா, அத்தை என்று வாரிசுகள் பலர் இருந்தால் முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் உழைத்து வண்டியைப் பளபளக்கச் செய்த பிறகு பேச்சைத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

பழைய பதிவெண்ணை விட்டுவிடாதீர்கள். பி என்ற ஒற்றை எழுத்தோடு சில இலக்கங்கள் மட்டும் இருக்கும் பினாங்கு எண், அந்த வண்டி இந்த ஊரிலேயே வாழ்ந்ததற்குச் சான்று. பின்னாளில் கண்காட்சியில் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

ஒரு காந்தம், ஒரு டார்ச், பிளக் கழற்றும் ஸ்பேனர் போதும். கப் வண்டியின் ஃபிரேம் குழாய் அல்ல, தகட்டை அழுத்திச் செய்தது. பின் மட்கார்டும் அதன் பகுதியே. பேட்டரி இருக்கும் இடத்திலும் பின் சக்கரத்துக்கு மேலேயும் நீரும் சேறும் தங்கி உள்ளிருந்தே துரு தின்னும். காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது இரும்பல்ல, ஓட்டையை நிரப்பப் பூசிய புட்டி. கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். எதிர்ப்பு தெரிந்து பிறகு விலகினால் நல்லது. அசையவே இல்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கலாம், அதுவும் வாங்காமல் விடக் காரணமல்ல, விலை பேசக் காரணம். கிக்கர்மேல் ஏறிக் குதிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல் உடைந்துவிடும்.

இன்ஜினைச் சரிசெய்யலாம். கிடைக்காத பாகங்கள்தான் தலைவலி. பக்கக் கவர், லெக் ஷீல்டு, ஹெட்லைட் கூடு, மீட்டர், பழைய எம்ப்ளம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இவை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். உடைந்ததை ஒட்டலாம், மாதிரி பார்த்துச் செய்யலாம். வாங்கும் விலைக்கு மேல் குறைந்தது அதே அளவு பணம் வேலைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பிரிப்பதற்கு முன்

வண்டியைக் கழுவுவதற்கு முன்பே படம் எடுங்கள். ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு வயர் இணைப்பும், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதும் படத்தில் வேண்டும். அப்புறம் கழுவுங்கள், அப்புறம் மீண்டும் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு தொகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, உள்ளே ஒரு காகிதத்தில் பெயர் எழுதி வையுங்கள். பைமேல் மார்க்கரில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும்.

ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் நான்குமுனை ஸ்க்ரூக்கள் சாதாரண பிலிப்ஸ் அல்ல. ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தரம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் டிரைவர் வைத்துத் திருகினால் தலை வழுக்கி உருண்டையாகிவிடும், அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜிஸ் முனை ஒரு செட்டும் சுத்தியலால் தட்டும் இம்பேக்ட் டிரைவரும் வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான். இதனோடு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், ஃப்ளைவீல் புல்லர், டார்க் ரெஞ்ச் வேண்டும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலக் கூடாது. கிராங்க் தண்டு வளையும்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து விடுங்கள். அவசரம் வேண்டாம்.

இன்ஜினை உயிர்ப்பித்தல்

பல வருடம் நின்ற இன்ஜினை எடுத்ததும் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளைவழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இடப்பக்கக் கவரைத் திறந்து ஃப்ளைவீல் நட்டை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். கப் வண்டியில் அது இடஞ்சுழியாகச் சுற்றும். தடையில்லாமல் சுற்றினால் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புதிதாக ஏறக்குறைய 0.8 லிட்டர் ஊற்றுங்கள். பாட்டிலில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் எண்ணெய், எண்ணெயில் நனைந்தே இயங்கும் இந்தக் கிளட்ச்சை வழுக்கச் செய்யும்.

இந்த வண்டியில் காகித ஃபில்டர் கிடையாது. கிளட்ச் பக்கம் சுழலும் ஒரு கிண்ணம் எண்ணெயின் அழுக்கைச் சுற்றி ஒதுக்குகிறது, அதோடு ஒரு கம்பி வலை இருக்கிறது. நாற்பது வருட வண்டியில் அந்தக் கிண்ணம் கறுப்புக் களிம்பால் நிறைந்திருக்கும். பலர் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு இதைத் திறப்பதே இல்லை. திறந்து சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்தால் இன்ஜின் தலையில் இருக்கும் கேம் தண்டு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து தீப்பொறி. பிளக்கை மூடியோடு இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்து, பெட்ரோல் ஈரம் அருகில் இல்லை என்று உறுதிசெய்து, கிக்கரை உதையுங்கள். நீலநிறப் பொறி பளிச்சென்று வர வேண்டும். வரவில்லையா? பழைய மாடல்களில் ஃப்ளைவீலுக்கு உள்ளே பாயின்ட் இருக்கும், அதாவது பொறி வர மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை. அதன் முகத்தை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, பிறகு தின்னரில் நனைத்த சுத்தமான அட்டையை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஃப்ளைவீலில் இருக்கும் எஃப் குறி இன்ஜின் குறியோடு நேராகும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்டில் பொறி அதிகமாகத் தெறித்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

அதே நேரத்தில் வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். டி குறி நேராகி, இரண்டு வால்வும் மூடிய நிலையில், இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு போய்வர வேண்டும்.

கார்புரேட்டரை முழுதாகப் பிரியுங்கள். ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் வண்டி வாழ்நாள் முழுக்கப் பெட்ரோல் குடிக்கும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். காற்று ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுத் திறந்து வையுங்கள். அது தொடக்கம்தான், பிறகு காதால் கேட்டுச் சரிசெய்யலாம். டேங்க் துருவாக இருந்தால் அதை இணைக்காதீர்கள். ஒரு சிறு பாட்டிலில் குழாய் மாட்டித் தொங்கவிட்டுப் பெட்ரோல் கொடுங்கள். வண்டி அதிலேயே ஓடும்.

ஓடியதும் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு கைடு அல்லது அதன் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், சிலிண்டர். சிலிண்டரை ரீபோர் செய்ய (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டியிருந்தால் முதலில் பிஸ்டனை வாங்கி அதையும் சேர்த்துக் கடையில் கொடுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளில் வருகின்றன. கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். சிலிண்டரைக் கடைந்துவிட்டு அந்த அளவு பிஸ்டனைத் தேடி அலைபவர்கள் உண்டு.

ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராங்க் தண்டின் இரண்டு பக்க சீல்களையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். நின்ற வண்டியில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அது வழியே காற்று உள்ளே போனால் பெட்ரோலும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பம்ப் வேலை செய்கிறதா என்று உறுதியாகும்வரை டேங்கிலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் கலந்து ஓட்டுங்கள்.

பிரேக், டயர்

பழைய டிரம் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பல வருடம் நின்ற ஷூவில் லைனிங் ஒட்டு விட்டுப்போய், முதல் பிரேக்கிலேயே கழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். லைனிங் கனமாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதீர்கள், மழையில் அது பிடிக்காது. கப் வண்டிக்கு 17 அங்குலச் சக்கரம், டயர் எளிதில் கிடைக்கும். ஸ்போக் கட்டுவதை மட்டும் அதில் பழகியவரிடம் கொடுங்கள்.

வயரிங்

பலருக்குப் பயம் இங்கேதான். ஹோண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு சாவி போட்ட பிறகு மின்சாரம் வருவது. யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு சாவிக்குப் பிறகு. இதை மனதில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக் குழப்பத்தில் பெரும்பகுதி கெட்ட எர்த்தால் வருவது. பெயின்ட் மேல் எர்த் போல்ட்டை இறுக்கினால் மின்சாரம் போகாது. அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மலேசியாவில் மோட்டார்சைக்கிள் பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓட்ட வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். பழைய கப் வண்டிகள் 6 வோல்ட் காலத்தில் உருவானவை. அவற்றின் வெளிச்சம் மங்கல். இரவில் ஓட்டுவதாக இருந்தால் 12 வோல்ட்டுக்கு மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. பின்னாளில் வந்த மாடல்களின் காயிலும் சிடிஐ-யும் (பாயின்டுக்குப் பதிலான மின்னணுப் பெட்டி) கொண்டு மாற்றுகிறார்கள். ஆனால் கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள், வண்டியோடு அவை இருக்க வேண்டும்.

இப்போது தகடும் பெயின்டும்

வண்டி ஓடுகிறது, நிற்கிறது, விளக்கு எரிகிறது. இனிமேல் பிரிக்கலாம்.

டேங்கை முதலில் எடுங்கள். துருவை நீக்க எளிய வழி மின்பகுப்பு: வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்து டேங்கில் நிரப்பி, நடுவில் ஓர் இரும்புக் கம்பி தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் இணைப்பது. கம்பி டேங்கைத் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் கம்பி போடவே கூடாது, நச்சு குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். ஓட்டை விழுந்த டேங்கை நீங்களே வெல்டு செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி பல வருடம் கழித்தும் வெடிக்கும்.

ஃபிரேம், மட்கார்டு, ஸ்டாண்டு போன்றவற்றை மணல் அடித்து பெயின்ட் எடுக்கக் கொடுக்கலாம். இன்ஜின் பாகங்களை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு துகள் எண்ணெய் வழியில் தங்கினாலும் போதும், பேரிங் போய்விடும். நீரும் நுண்துகளும் கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்ட் அலுமினியத்துக்கு நல்லது, அதற்குப் பிறகும் ஒவ்வொரு துளையையும் கழுவ வேண்டும்.

நிறத்தைத் தேடிப் படம் படமாகப் பார்க்க வேண்டாம். வெயில் படாத இடத்தைத் திறந்து பாருங்கள்: ஹெட்லைட் கூட்டின் உட்புறம், எம்ப்ளத்துக்கு அடியில், சீட்டுக்குக் கீழே. ஃபேக்டரி நிறம் அங்கேதான் இன்னும் இருக்கும். அந்தத் துண்டை பெயின்ட் கடைக்கு எடுத்துப்போய் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். டூ கே பெயின்டில் (இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது) ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண முகக்கவசம் போதாது. வீட்டு முற்றத்தில் அடிப்பதைவிட ஸ்பிரே பட்டறையில் கொடுப்பது நல்லது. அப்படிக் கொடுத்தாலும் பினாங்கு மழைக்கால மாலையில் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காற்றில் ஈரம் அதிகமானால் பெயின்ட் மேல் வெள்ளைப் படலம் விழும். குரோம் பூச்சு கொடுக்கும்போது கீழே நிக்கல் அடுக்கு சரியாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள், கடல் காற்றில் அது இல்லாவிட்டால் சில மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு எழும்.

புது பெயின்ட் முழுதாக இறுக சில வாரம் ஆகும். அதற்குள் மெழுகு போடாதீர்கள். ஆயுத பூஜை நெருங்கினால் சந்தனத்தையும் குங்குமத்தையும் டேங்கிலோ கவரிலோ வைக்காமல் நம்பர் பிளேட்டில் வையுங்கள். மஞ்சள் கறை இறங்கிவிட்டால் போகாது.

ஒரிஜினலா, கஸ்டமா?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கெரான் உயிரோடு இருந்து, எண்கள் பொருந்தி, பாகங்கள் எல்லாம் இருக்கும் வண்டியை வெட்டாதீர்கள். அது குறைந்துகொண்டே போகும் இனம். அறுத்த ஃபிரேமை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. கஸ்டம் செய்ய ஆசை இருந்தால் கவரும் மட்கார்டும் இல்லாமல், ஏற்கெனவே கலந்துகட்டிய வண்டி ஒன்றைத் தேடுங்கள். அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. அவற்றைக் கஃபே ரேசர், பாபர் போன்ற கஸ்டம் பாணியில் ஆக்கினால் ஒரு வண்டிக்கு மறுவாழ்வு கிடைக்கும், ஒரு ஒரிஜினலும் பிழைக்கும். பளபளப்பு தேவையில்லாத வண்டிகளும் உண்டு. ஒரே குடும்பத்தில் இருந்து, பெயின்ட் மங்கி, ஆனால் எதுவும் மாறாமல் இருக்கும் வண்டியைச் சுத்தம் செய்து ஓடவிட்டால் போதும். அதை மீண்டும் பெயின்ட் அடிப்பது அதன் வரலாற்றை அழிப்பதாகும்.

கஸ்டம் செய்தால் சாலையில் ஓட்டும் சட்டத்தை மறக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் உள்ள விதிகளும் பழைய வண்டிக்கும் பொருந்தும். அதிகச் சத்தம் போடும் எக்ஸாஸ்ட், கண்ணாடி இல்லாத ஹேண்டில், படிக்க முடியாத நம்பர் பிளேட் எல்லாம் சமன் வாங்கித் தரும். இன்ஜின் மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும். அதை வேலைக்கு முன்பே கேட்டு அனுமதி முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரேமில் வெல்டு வேலை என்றால் மோட்டார்சைக்கிள் ஃபிரேம் செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

பாகம் தேடுவதும் மனிதர்களும்

ஜார்ஜ் டவுனில் நகர விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் காலைச் சந்தை இருக்கிறது. பழைய மீட்டர், விளக்கு, எம்ப்ளம் எப்போதாவது அங்கே தட்டுப்படும். கோலாலம்பூர்ப் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையை எட்டிப்பாருங்கள். ஆனால் முக்கியமான பாகங்கள் கிடைப்பது பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் மேல்மாடியில்தான், விற்காமல் தங்கிய பழைய இருப்பாக. அங்கே இருக்கும் தௌக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய், "அங்கிள், இந்த மாதிரி இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கூட்டமான சனிக்கிழமை போகாதீர்கள். வேலைநாள் மத்தியானம் போங்கள், அவருக்கும் தேடிப்பார்க்க நேரம் இருக்கும். சொன்ன விலை நியாயமாக இருந்தால் பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை அவரே உங்களுக்காக எடுத்து வைப்பார்.

எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் அவர் பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். நம்மவர், சீனர், மலாய்க்காரர் யாராக இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒரே மொழி பேசுகிறார்கள். டைமிங்கைக் காதால் கேட்டே சொல்லும் அவர்கள் அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை.

முதல் ஓட்டமும் கண்காட்சியும்

ரீபோர் செய்த இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். பாலிக் பூலாவ் பக்கத்துக் கிராமச் சாலைகள் இதற்கு ஏற்றவை. வண்டிகள் குறைவு, வேகம் தேவையில்லை. தெலுக் பஹாங்கிலிருந்து ஏறும் மலைவளைவுகளை பிரேக் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகே எண்ணெயை மாற்றி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

கண்காட்சிக்குச் செல்ல வேண்டும் என்றால் முதலில் உள்ளூர் தே தாரிக் சந்திப்புகளுக்குப் போங்கள். பெரியது பார்க்க வேண்டும் என்றால் ஆர்ட் ஆஃப் ஸ்பீட் கண்காட்சி இருக்கிறது, கஸ்டம் வேலையின் தரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அங்கே நேரில் தெரியும். ஒரு முறை பார்வையாளராகப் போய்வந்த பிறகு வண்டியைக் கொண்டுபோங்கள்.

பதியும்போது சரியான பிரிவில் பதியுங்கள். 12 வோல்ட் ஆக்கிய வண்டியை ஒரிஜினல் பிரிவில் வைக்காதீர்கள், தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். மினுக்குவதிலும் அளவு வேண்டும். ஹோண்டா கப் இன்ஜின் கவர்கள் ஃபேக்டரியில் வெள்ளி பெயின்ட் அடித்து வந்தவை. அவற்றைக் கண்ணாடி போலத் தேய்த்தால் அழகாகத் தெரியும், ஒரிஜினல் என்று சொல்ல முடியாது. ஸ்போக் இடுக்கு, செயின் கவரின் உட்புறம், சென்டர் ஸ்டாண்டின் அடி இவற்றைத் துடையுங்கள், நடுவர்கள் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

வண்டிக்கு முன் ஒரு அட்டை வையுங்கள்: மாடல், வருடம், யாருடைய வண்டி, எந்த ஊரில் ஓடியது, எந்தப் பாகம் ஒரிஜினல், எது புதிது. மலாயில் எழுதுங்கள், கீழே தமிழிலும் எழுதுங்கள். தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் தோட்டத்தின் பெயரையும் போடுங்கள். அந்தப் பெயரைப் பார்த்து "நானும் அங்கேதான் பிறந்தேன்" என்று வந்து நிற்பவர்கள் இருப்பார்கள். வேலைக்கு முன் எடுத்த படங்களின் ஆல்பத்தை அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். பெட்ரோல் கொஞ்சமாக மட்டும் இருக்கட்டும், எண்ணெய் சொட்டினால் அடியில் ஒரு தட்டு. மற்றவர் வண்டியைக் கேட்காமல் தொடாதீர்கள், உட்காராதீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள், பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள். தீவின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், பருத்தித் துணியால் மூடுங்கள். முடிந்தால் மூடவே வேண்டாம், வாரம் ஒரு முறை காலையில் எடுத்துப்போய் தோசை சாப்பிட்டு வாருங்கள்.